நெடுந்தூரக் குறிக்கு மாக்னம் துப்பாக்கி வேண்டுமோ?

ஆயிரங் கஜ தூரத்திலே நாட்டிய ஆறடிச் சட்டத்தின் நடுவில் உள்ள கரும்புள்ளியை, தரையிற் படுத்தவண்ணம் நோக்கிச் சுடும் விளையாட்டொன்று மேல்நாடுகளில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. இதிற் புதிதாகப் புகுவோருட் பலர் முதன்முதற் கேட்கும் வினா, "எந்த மாக்னம் துப்பாக்கியை வாங்கலாம்?" என்பதேயாம். மாக்னம் வேண்டுமோ வேண்டாவோ என்று வினவுவார் மிகச் சிலர். வினாவின் முற்பாதியைத் தாமே தீர்த்துக்கொண்டு பிற்பாதிக்கு மட்டும் பிறரிடம் விடை தேடுகின்றனர். இம்முறை தலைகீழானது என்பது எமது அபிப்பிராயம். அதனைக் காரணங் காட்டி நிறுவுதலே இவ்வியாசத்தின் நோக்கம்.

துப்பாக்கியைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவானேன் என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெறாதார் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். ஆதலின் இது நம் வீட்டுப் பொருளன்று என்பது உண்மையே. ஆயினும் நம் பழைய மாணவருள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறி வாழ்வோர் உளர். அந்நாடுகளில் இது டென்னிஸ், கிரிக்கெட்டுப் போன்று முறையான சங்கங்களும் விதிகளும் உடைய விளையாட்டு. அன்றியும், பௌதிகம் பயிலும் மாணவர்க்கு இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது. நியூட்டனுடைய மூன்றாம் விதியைப் பிற இடங்களிற் புத்தகத்திற் படிக்கின்றோம். இங்கே தோளே படித்துக்கொள்கின்றது.

மாக்னம் என்பது இலத்தீன் மொழியிற் 'பெரிது' எனப் பொருள்படும். பெரிய மதுக்குப்பிக்கு வழங்கிய அப்பெயரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத் துப்பாக்கித் தொழிலார் தம் தோட்டாக்களுக்குச் சூட்டினர். குழலின் துளை பிற துப்பாக்கியின் துளையை ஒத்திருக்க, மருந்து கொள்ளும் பித்தளைக் கூடு மட்டும் பருத்து நீண்டிருக்குமாயின் அதனை மாக்னம் என்பர். மருந்து மிகுதலால் குண்டின் வேகம் மிகும். 1912ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனியார் .375 என்னும் மாக்னம் தோட்டாவையும், 1925ஆம் ஆண்டில் அதே கூட்டின் வாயை ஒடுக்கி .300 என்பதையும் வெளியிட்டனர். அக்காலத்து ஆங்கில வெடிமருந்தாகிய கார்டைட் தூளாக இராது, நூல் நூலாக நீண்ட குச்சிகளாக இருந்தது. அதற்கேற்பக் கூட்டை நெடுகச் சரிந்து ஒடுங்குமாறு சமைத்தனர். தோள் அவ்வாறு சரிந்துவிட்டமையால், கூடு குழலின் அறைக்குள் எவ்வளவு ஆழத்தில் நிற்கவேண்டும் என்பதை வரையறுக்க வேறொன்று தேவைப்பட்டது. அதன்பொருட்டு அடிப்புறத்தில் அரைஞாண் கட்டியதுபோற் பித்தளை வளையம் ஒன்றை வைத்தனர். உதகைக்கு மலையிரயிலிற் செல்வோர் அரவங்காடு என்னும் நிலையத்தைக் கடந்திருப்பர். 1903இல் அங்கே எழுந்த தொழிற்சாலை இந்தக் கார்டைட்டைச் செய்வதற்கென்றே எழுந்ததாகும்.

பின்னர் 1963ஆம் ஆண்டில் அமெரிக்க வின்செஸ்டர் கம்பெனியார் .300 வின்செஸ்டர் மாக்னத்தை வெளியிட்டனர். இதன் தோள் செவ்வையாக அமைந்தது. உள்ளே இடுவதும் கார்டைட் அன்று. அரைஞாணுக்கு வேலையே இல்லை. ஆயினும் அது நீங்கவில்லை. வளையமில்லாத மாக்னம் வாங்குவோர் கண்ணுக்கு மாக்னமாகத் தோன்றாது போலும்! பெயரையும் தோற்றத்தையும் கண்டு பொருளை வாங்கும் வழக்கத்துக்கு இதனைவிட நல்ல சான்று யாம் அறியோம்.

எனினும் மாக்னத்துக்கு வாய்த்த புகழ் வெறும் பெயரால் வந்ததன்று. அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் உள்ள காம்ப் பெரி என்னும் திடலில் ஆண்டுதோறும் நடந்துவந்த ஆயிரங் கஜப் போட்டிக்கு விம்பிள்டன் கோப்பை என்று பெயர். 1875இல் இங்கிலாந்துக்குச் சென்ற அமெரிக்கக் குழுவினர்க்கு அந்நாட்டார் வழங்கிய கோப்பை அது. 1935ஆம் ஆண்டில் பென் கம்பர்ட் என்பவர் .300 ஹாலண்ட் மாக்னத்தைக்கொண்டு அக்கோப்பையை வென்றார். அதன்பின் வின்செஸ்டர் கம்பெனியார் தம் 70ஆம் மாதிரித் துப்பாக்கியை அத்தோட்டாவுக்கும் ஏற்பச் செய்தனர். நெடுந்தூரம் எனில் மாக்னம் என்னும் எண்ணம் அமெரிக்கர் மனத்திற் பதிந்ததில் அவ்வெற்றிக்குப் பெரும்பங்கு உண்டு.

எதிர்க்கட்சியின் வலிமையை முதலில் எடுத்துரைத்தலே நேர்மை. மாக்னத்தின் மெய்யான பயன் யாது? குண்டு தாழ்ந்து விழாமல் நேரே செல்லும் என்பர் பலர். .308 வின்செஸ்டர் என்னும் சாதாரணத் தோட்டாவின் 175 கிரெயின் குண்டு, 100 கஜத்துக்குக் குறி திருத்திய நிலையிலிருந்து ஆயிரங் கஜத்தில் ஏறத்தாழ 34 அடி தாழும்; .300 வின்செஸ்டர் மாக்னத்தின் 190 கிரெயின் குண்டோ 25 அடியளவே தாழும். ஆனால் இவ்வேறுபாடு குறிவிளையாட்டுக்காரனுக்கு ஏறக்குறைய ஒன்றுமன்று. காட்டில் மானைக் காணும் வேட்டைக்காரன் அது எத்தனை கஜத்தில் நிற்கின்றது என்று ஊகித்தாக வேண்டும். ஊகம் பிழைத்தாற் குண்டு தாழ்ந்து போகும். குறித்திடலிலோ தூரம் அளந்து கட்டப்பட்டது. குறிகாட்டியின் திருகைத் தக்க அளவு திருப்பிவிட்டால் 34 அடியும் ஒன்றே, 25 அடியும் ஒன்றே. வேட்டைக்காரன் போற்றும் குணத்தைக் குறிவிளையாட்டுக்காரன் விலைகொடுத்து வாங்குதல் வீண்.

மெய்யான பயன் காற்றிலே உள்ளது. மணிக்கு 10 மைல் வேகத்திற் குறுக்கே வீசும் காற்று, மேற்சொன்ன .308 குண்டை ஆயிரங் கஜத்தில் ஏறத்தாழ எட்டடி ஒதுக்கிவிடும். மாக்னத்தின் 190 கிரெயின் குண்டை ஆறடிக்குச் சற்று மேலும், அதனினும் நீண்டு கனத்த 230 கிரெயின் குண்டை ஏறத்தாழ ஐந்தடியும் ஒதுக்கும். அமெரிக்க நெடுந்தூரச் சட்டத்திற் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 20 அங்குலம். நடுவினின்று விளிம்புக்கு 10 அங்குலமே. ஆகவே காற்றின் வேகத்தை மணிக்கு ஒரே ஒரு மைல் தவறாக மதிப்பிட்டவனுடைய .308 குண்டு ஒன்பதரை அங்குலம் விலகி வட்டத்தின் ஓரத்திற் சென்று தைக்கும். மாக்னக் குண்டு ஆறேழு அங்குல விலகலோடு உள்ளே நின்றுவிடும். காற்றையோ கண்ணாற் காண முடியாது. கொடி ஆடுவதையும் புல் சாய்வதையும் கானல் ஓடுவதையும் கொண்டு உய்த்துணர வேண்டும். ஒரு மைல் பிழையாதவர் எவர்? இவ்வாற்றால் மாக்னம் மன்னிக்குந் தன்மையுடையது என்பதை யாம் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

இனி அம்மன்னிப்புக்குக் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். 12 இராத்தல் எடையுள்ள துப்பாக்கியிலிருந்து 190 கிரெயின் குண்டு 70 கிரெயின் மருந்தால் விநாடிக்கு 2,900 அடி வேகத்திற் புறப்படுமாயின், துப்பாக்கி பின்னுதைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 20 அடி-இராத்தல் ஆகும். அதே எடையுள்ள .308 துப்பாக்கி 155 கிரெயின் குண்டை 2,950 அடி வேகத்திற் செலுத்தினால் 12, 6.5 கிரீட்மூர் என்னும் சிறு தோட்டா 140 கிரெயின் குண்டை 2,700 அடி வேகத்திற் செலுத்தினால் 9க்கும் சற்றுக் குறைவு. இக்கணக்கைச் சரிபார்க்க விரும்பும் பி. எஸ்ஸி. வகுப்பார், ஓர் இராத்தலுக்கு 7,000 கிரெயின் என்றும், எரிந்த மருந்து வாயுவாய் வெளிப்படும் வேகம் விநாடிக்கு 4,700 அடி என்றும், மருந்தின் எடை .308க்கு 46 கிரெயின், கிரீட்மூருக்கு 42 கிரெயின் என்றும் கொள்வார்களாக.

இருபது அடி-இராத்தல் என்பது பத்து வெடிக்குப் பெரிதன்று. திடமான வாலிபர் சிரித்துக்கொண்டே தாங்குவர். ஆனால் முழுநாட் போட்டியொன்றில் அறுபதுக்கு மேற்பட்ட வெடிகள் சுடவேண்டியிருக்கும்; அதற்குமுன் பயிற்சியில் ஆயிரக்கணக்கில். முப்பதாம் வெடிக்குமேல் மனம் அறியாமலே உடல் கற்றுக்கொள்கின்றது. விசையை விரல் அழுத்தத் தொடங்கியவுடன் கண் இமை மூடுகின்றது, தோள் முன்னே தள்ளுகின்றது, மூச்சு இறுகுகின்றது. இது கோழைத்தனமன்று, நரம்பின் இயல்பு. மருந்து தீப்பற்றியபின் குண்டு குழலைவிட்டு நீங்க விநாடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கே ஆகும். அதற்குள் துப்பாக்கி பின்வாங்குவது ஓர் அரிசிமணியின் பருமனளவே. ஆகவே உதை பட்டதனாற் குறி தவறுகின்றதென்பது சரியன்று. உதை வருமே என்று உடல் முன்னரே கூசுவதனாலேயே தவறுகின்றது. இதனை ஐயுறுவோர்க்கு ஓர் எளிய சோதனை உண்டு. நண்பர் ஒருவரைக்கொண்டு உயிர்த்தோட்டாக்களுக்கிடையே மருந்தில்லாப் போலித் தோட்டாவைச் சுடுவோர் அறியாதபடி கலந்து இடச்செய்க. அது 'டிக்' என்று ஓசையிட்டு வெடியாதொழியும் அக்கணத்திற் குழல்வாய் கீழே குத்துவதைச் சுற்றியுள்ளோர் அனைவரும் காண்பர். மாக்னத்திலே தொடங்கியோரிடம் இக்கூச்சம் வேர்விட்டுவிட்டால் அதைக் களைவதற்குச் சிலபோது ஆண்டுகள் செல்கின்றன. சிலர் விளையாட்டையே விட்டுவிடுகின்றனர். எமக்குக் கவலை தருவது முக்கியமாக இதுவே. காற்றில் இரண்டங்குலம் இலாபம் பார்க்கப்போய்க் கையில் இருபது அங்குலம் நட்டம் அடைதல் எவ்வகைக் கணக்கு?

செவியையும் மறத்தலாகாது. 140 டெசிபல் அளவைக் கடந்த ஓர் ஓசையே காதுக்கு நிலையான ஊறு செய்ய வல்லது. பெருந்துப்பாக்கிகளின் வெடியோசை 160ஐயும் கடப்பது. எத்துப்பாக்கியாயினும் செவிக்காப்பு இன்றியமையாதது. மாக்னத்துக்குச் செவிக்குள் இடும் அடைப்பும் மேலே கவிக்கும் மூடியும் ஆகிய இரண்டும் வேண்டும்.

குழலின் ஆயுளோ தனிக்கதை. மருந்தெரியும் தழல், குண்டு குழலிற் புகும் தொண்டைப் பகுதியைச் சிறிது சிறிதாக அரித்துவிடுகின்றது. ஒரே துளையின் வழியே எத்துணை மிகுதியான மருந்து எரிகின்றதோ அத்துணை விரைவில் அரிப்பு நிகழும். நல்ல .308 குழல் நாலாயிரம் ஐயாயிரம் வெடி வரையிற் போட்டிக்குத் தகுந்த நுட்பத்தோடு நிற்கும்; .300 வின்செஸ்டர் மாக்னத்தின் குழலுக்கு ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் வரையே எதிர்பார்க்கலாம். வாரத்துக்கு ஐம்பது வெடி பயில்வோன் ஓராண்டில் இரண்டாயிரத்தைந்நூறு வெடியைக் கடக்கின்றான். அவன் மாக்னம் வைத்திருப்பின் ஆண்டு முடியுமுன் குழல் முடிந்துபோம். இதனை அறிந்தவன் என் செய்கின்றான்? குழல் தேயுமே என்று பயிற்சியைக் குறைக்கின்றான். துப்பாக்கி பெட்டிக்குள் புத்தம்புதிதாய்த் துயில்கின்றது. அவனோ காற்றைப் படிக்கக் கல்லாமலே நிற்கின்றான். காற்றைப் படிக்கக் கற்பது நூலாலன்று, வெடியாலேயே. மாக்னம் மன்னிக்கும் அந்த ஒரு மைல் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலை, சிறு தோட்டாவைப் பலமுறை சுட்டவன் அடைகின்றான்.

மேலும், மாக்னத்தின் காற்றுப் பயனிற் பெரும்பாகத்தை இப்பொழுது மாக்னமின்றியே பெறலாம். குண்டு காற்றை எதிர்ப்பது வேகத்தால் மட்டுமன்று. மெலிந்து நீண்ட வடிவத்தாலுமாம். 2007ஆம் ஆண்டில் வெளிவந்த 6.5 கிரீட்மூர் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. அதன் 140 கிரெயின் குண்டு, மேற்சொன்ன பத்து மைல் காற்றில் ஆயிரங் கஜத்தில் ஏறத்தாழ ஆறடியே ஒதுங்கும். அஃதாவது .300 மாக்னத்தின் 190 கிரெயின் குண்டுக்கு இது பிற்படுவதில்லை. பின்னுதையோ அதிற் பாதியளவும் இல்லை. பெருங்கூட்டையும் பேரோசையையும் கண்டு மயங்குவோர் இவ்விரண்டு எண்களையும் அருகருகே எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வாராக.

கிரீட்மூர் என்னும் இப்பெயர் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் 1873இல் திறக்கப்பட்ட ஒரு குறித்திடலின் பெயர். 1874ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அங்கே அயர்லாந்துக் குழுவினர்க்கும் அமெரிக்கக் குழுவினர்க்கும் 800, 900, 1,000 கஜங்களில் நடந்த பந்தயம் இவ்விளையாட்டின் சரித்திரத்தில் நீங்கா இடம்பெற்றது. பக்கத்துக்கு அறுவர். அயர்லாந்தார் ரிக்பி என்பார் செய்த, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளையும், அமெரிக்கர் ரெமிங்டன், ஷார்ப்ஸ் என்னும் கம்பெனிகள் செய்த, பின்வழியே தோட்டா இடும் புதுத் துப்பாக்கிகளையும் கையாண்டனர். எது சிறந்த கருவி என்னும் வாதம் இரு நாட்டுப் பத்திரிகைகளிலும் முழங்கிற்று. முடிவில் அமெரிக்கர் 934, அயர்லாந்தார் 931. வேற்றுமை மூன்றே புள்ளி! அயர்லாந்துக் குழுவின் மில்னர் என்பவர் ஒருமுறை அழகாகக் குறியின் நடுவில் தைத்தார். ஆனால் அது தமக்குரிய குறியன்று, பக்கத்துக் குறி. அவ்வெடிக்குக் கிடைத்தது சுழியம். அக்காலத்தில் நடுக்குறிக்கு நான்கு புள்ளி. கருவிகளைப் பற்றி எழுந்த அத்துணை வாதத்தையும் ஒரு மனிதனுடைய ஒரு நொடி மயக்கம் தீர்த்துவைத்தது. இருவகைத் துப்பாக்கிகளும் ஆயிரங் கஜத்தில் ஏறக்குறைய ஒத்து நின்றன. ஒவ்வாது போனது கவனமே.

இங்கிலாந்தில் 1860ஆம் ஆண்டு முதற் பந்தயத்தைத் தொடங்கிவைத்த விக்டோரியா அரசியார், இரும்புத் தாங்கியிற் பூட்டிய விட்வர்த் துப்பாக்கியின் விசையை ஒரு கயிற்றால் இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பாலிருந்த குறியின் நடுவை அணுகிக் குண்டு தைத்தது. இரும்புத் தாங்கிக்குக் கூச்சமில்லை. மாக்னத்தின் பெருமையைக் காட்டும் விளம்பரப் படங்களைக் காணுந்தோறும் எமக்கு அத்தாங்கியின் நினைவே வருகின்றது. அதே பந்தயம் 1890 முதல் பிஸ்லி என்னும் திடலில் நடைபெறுகின்றது. 1930ஆம் ஆண்டில் அதன் தலைமைப் பரிசாகிய அரசர் பரிசை மார்ஜரி பாஸ்டர் என்னும் பெண்மணி வென்றார். பெண்டிருள் அதனைப் பெற்ற முதல்வர் அவரே. அவர் கையில் இருந்தது மாக்னம் அன்று, .303 தோட்டாவே. நம் கல்லூரி மாணவியர் இதனைக் கருத்தில் வைப்பது நலம். 'இது பெருந்தோள் படைத்தோர்க்குரிய விளையாட்டு' என்று சொல்லி எவரேனும் அவர்களைத் தடுத்தால் விடை இதோ உள்ளது.

விதிநூலைப் படியாமல் விலைப்பட்டியலைப் படிப்பது மற்றொரு பிழை. பிஸ்லியில் அரசர் பரிசுக்குச் சுடுவோர் .308 அல்லது .223 தோட்டாவையே கையாளலாம். 1876இல் தோன்றிய பால்மா பந்தயமும் அத்தகையதே. ஆங்கு மாக்னத்தைத் தூக்கிக்கொண்டு செல்வோனை வாயிலிலேயே திருப்பியனுப்பிவிடுவர். கனடா நாட்டு ஜார்ஜ் பார்க்கர்சன் என்பவர் பெயரின் முதலெழுத்தாற் பெயர்பெற்ற எஃப் வகுப்பில், கண் மங்கிய முதியோரும் பங்குகொள்ளுமாறு தொலைநோக்கிக் குறிகாட்டியும் தாங்கியும் வைத்துக்கொள்ள இடங்கொடுத்தனர். அதிலும் இரு பிரிவு உண்டு, ஒன்றில் மீண்டும்.308, .223 மட்டுமே. 'திறந்த பிரிவு' எனப்படுவதில் மட்டுமே மாக்னத்துக்கு அனுமதி. அங்கும் பின்னுதையைத் தணிக்கக் குழல்வாயிற் பூட்டும் துளைக்குமிழைப் பொருத்தலாகாது; அது பக்கத்திற் படுத்திருப்போர் முகத்திலும் செவியிலும் வெடிவாயுவை வீசுமாதலின் அத்தடை நியாயமே. மாக்னத்தை வாங்கி, குமிழையும் பூட்டி, அதிலேயே பழகியவன் போட்டியன்று குமிழைக் கழற்றிவிட்டுப் படுக்கும்போது அவன் தோள் எவ்வாறு வியக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஒரே துப்பாக்கி வேட்டைக்கும் குறிக்கும் ஆகட்டுமே என்பார் உளர். மலையேறித் தூக்கிச்செல்ல வேண்டிய வேட்டைத் துப்பாக்கி எட்டு இராத்தலுக்கு மிகின் சுமை. பின்னுதையின் ஆற்றலோ துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதம். முன்னர்க் கண்ட 20, எட்டு இராத்தல் மாக்னத்தில் 30 ஆகிவிடும். மெல்லிய குழல் பத்து வெடிக்குள் கொதித்துக் குறியைச் சிதறவிடும். இரண்டு வேலைக்கும் ஒன்றென வாங்கியது ஒன்றுக்கும் உதவாமற் போகும். போர்க்களத்தில் இன்னான் .338 லபுவா மாக்னத்தால் இத்துணை மீட்டருக்கு அப்பாற் சுட்டான் என்னும் செய்திகளைப் படித்துக் கிளர்ச்சியுறுவோர்க்கு யாம் கூறுவது சிறிதே: அது வேறு தொழில், அதன் தேவைகளும் வேறு, அதனை விளையாட்டுத் திடலுக்கு அளவுகோலாகக் கொண்டுவருதல் எமக்கு உவப்பன்று.

ஆயின் மாக்னத்தை எவரும் வாங்கலாகாதோ? அங்ஙனம் யாம் கூறவில்லை. இரு சாராருக்கு அது தக்கது. ஆயிரங் கஜத்தைக் கடந்து ஆயிரத்தைந்நூறு வரையிற் சுடும் வசதியுடைய திடலை அணுகி வாழ்வோர் ஒரு சாரார். .308 குண்டு ஆயிரங் கஜத்தை எட்டும்போதே ஒலியின் வேகத்தை அணுகித் தள்ளாடத் தொடங்கும். அதற்கப்பால் மருந்தின் பெருக்கம் மெய்யாகவே வேண்டும். மற்றொரு சாரார் மேற்கூறிய திறந்த பிரிவிற் போட்டியிடுவோர். அங்கே துப்பாக்கியின் எடை 10 கிலோகிராம், அஃதாவது 22 இராத்தல் வரையில் இருக்கலாம். அந்த எடையில் நமது மாக்னத்தின் பின்னுதை 11 அடி-இராத்தலுக்குத் தணிந்துவிடுகின்றது, பன்னிரண்டு இராத்தல்.308க்கும் அது சிறிது குறைவே. இவ்விரு சாராரும் சிறு தோட்டாவில் ஓராண்டேனும் பயின்று தேர்ந்தபின் வருவாராயின், அவர்க்கு யாம் கூறும் முறை வருமாறு.

முதலில் எடை. திடலுக்குத் தூக்கிச்செல்ல இயலும் அளவிற் கனத்த துப்பாக்கியையே கொள்க. இலேசானதைக் காட்டிக் கடைக்காரர் புகழ்வாராயின் அவர் வேட்டைக்காரரை நினைத்துப் பேசுகின்றார் என்று அறிக. போல்ட் வகையே ஏற்றது என்பதில் ஐயமில்லை. 1898ஆம் ஆண்டின் மௌசர் துப்பாக்கி முதல் இன்றுவரை, கதவுத் தாழ்ப்பாளைப்போல் முன்தள்ளித் திருப்பியவுடன் அதன் முன்முனைப் பற்கள் இரும்பு நிலையிற் கொளுவிக்கொள்ளும் அமைப்பே உறுதியிலும் நுட்பத்திலும் சிறந்து நிற்கின்றது. .300 வின்செஸ்டர் மாக்னத்தின் உள்ளழுத்தம் சதுர அங்குலத்துக்கு 64,000 இராத்தல் வரையிற் செல்லக்கூடும். கூட்டின் அடி பருத்திருத்தலால் போல்ட்டின் முகத்தில் விழும் தள்ளுதல், அதே அழுத்தமுள்ள.308ஐவிடக் கால்பங்குக்கு மேல் மிகுதி. ஆதலின் போல்ட்டின் பற்கள் இரண்டும் நிலையிற் சமமாகப் படிகின்றனவா என்பதைத் துப்பாக்கிக் கம்மியரைக்கொண்டு பார்த்தல் வேண்டும். திறந்த பிரிவில் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இடுவதே வழக்கமாதலின் மகசீன் வேண்டா. அடிப்புறம் வெட்டப்படாத நிலை வளையாது நிற்கும். மகசீன் இன்மையால் மற்றொரு நன்மையும் உண்டு: .300 வின்செஸ்டரின் கூட்டுக் கழுத்து 0.264 அங்குலமே, குண்டின் பருமனைவிடக் குட்டையானது. நீண்ட குண்டைப் பெட்டிக்குள் அடங்கும்படி உள்ளே அமுக்கினால் மருந்துக்குரிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கையால் இடுவோர் குண்டை வெளியே நீட்டிப் பதித்துக்கொள்ளலாம்.

குழலின் புரி பத்தங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கமான அளவு. கனத்த நீண்ட குண்டைக் கையாள எண்ணுவோர் குண்டு செய்வோர் குறித்த அளவைப் பார்த்து அதற்கேற்ற குழலைக் கேட்க. கூடுகளைத் தாமே மீண்டும் நிரப்புவோர், பழைய அரைஞாணை அளவாகக் கொள்ளாது தோளையே அளவாகக் கொண்டு அச்சில் அழுத்துக; வளையத்தை நம்பித் தோளை மிகத் தாழ்த்தினால் கூடு வெடிதோறும் நீண்டு, வளையத்துக்குச் சற்று மேலே விரிசல் காணும். இறுதியாகப் பணத்தைப் பங்கிடும் முறை: துப்பாக்கிக்கும் குறிகாட்டிக்கும் கையிலுள்ளதையெல்லாம் கொடுத்துவிடாது, முதல் ஆண்டுத் தோட்டாவுக்கும் இரண்டாவது குழலுக்கும் வேண்டிய தொகையைத் தனியே எடுத்து வைக்க. நல்ல குழல் செய்வோரிடம் பலமாதம் காத்திருக்க நேரும். ஆதலின் முதற்குழல் ஆயிரம் வெடியை எட்டும்போதே அடுத்ததற்குச் சொல்லிவைத்தல் வேண்டும்.